121 தோல்விக்கு மேனேஜர் மட்டும்தான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 பருவத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி 162 ஆட்டங்களில் 121இல் தோற்றது. 1900க்குப் பிறகு வட அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் எந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்களை இழந்ததில்லை. 1962இல் 120 ஆட்டங்களில் தோற்ற நியூயார்க் மெட்ஸ், அந்த ஆண்டுதான் களமிறங்கிய புது அணி. ஒயிட் சாக்ஸோ 2021இல் 93 வெற்றியுடன் தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. இந்தச் சரிவுக்கு மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) பெட்ரோ கிரிஃபோல் தலையில் மட்டும் பழியைப் போடுவதும், நேரம் சரியில்லை என்று விட்டுவிடுவதும் தவறு.

அணி எடுத்த ரன்கள் 507, கொடுத்தவை 813. இந்த ரன்களுக்கு எத்தனை வெற்றி கிடைத்திருக்க வேண்டும் என்று கணிக்க ஒரு வழி உண்டு: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் 0.28 வரும். அதை 162ஆல் பெருக்கினால் 45 வெற்றி. கிடைத்தது 41. ஆக, நேரத்தின் மேல் பழி போட நாலே ஆட்டங்கள்தான் மிஞ்சும்.

மட்டையில்தான் பெரிய ஓட்டை. ஒரு பேட்டர் அவுட் ஆகாமல் பேஸை (ரன் எடுக்கத் தொட்டுச் செல்ல வேண்டிய இடம்) எட்டும் விகிதம் அணி முழுவதற்கும் .278, அதாவது ஆயிரத்துக்கு 278 முறை; லீக்கிலேயே கடைசி. பேஸில் ஆளே இல்லாதபோது ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தாலும் ஒரு ரன்தான். பேட்டர்களில் லூயிஸ் ராபர்ட் ஏப்ரலிலேயே இடுப்புக் காயத்தில் விழுந்தார், யோவான் மொன்காடா பெரும்பாலும் ஆடவே இல்லை. அவர்கள் இடத்தில் இறக்க மாற்று ஆள் இல்லை.

பந்துவீச்சை அணியே கரைத்தது. பிட்சர் (பந்துவீச்சாளர்) டிலன் சீஸை மார்ச்சில் சான் டியாகோ பத்ரேஸ் அணிக்குக் கொடுத்தார்கள். ஜூலையில் அவர் அங்கே நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்) வீசினார். ஜூலை இறுதியில் பிட்சர்கள் எரிக் ஃபெடியும் மைக்கேல் கோபெக்கும் போனார்கள். பதிலுக்கு வந்த பேட்டர் மிகுவல் வர்காஸ் சிகாகோவில் .104 பேட்டிங் சராசரிதான் எடுத்தார். மிஞ்சிய காரெட் குரோஷே அருமையான பிட்சர். ஆனால் முதல்முறையாக முழுப் பருவமும் தொடக்கப் பிட்சராக வீசியதால், கையைக் காக்க ஜூலையிலிருந்து 4 இன்னிங்ஸுடன் நிறுத்தினார்கள். 9 இன்னிங்ஸ் ஆட்டத்தில் மீதி 5 இன்னிங்ஸும் மாற்றுப் பிட்சர்கள் தலையில். முன்னிலையில் இருந்த ஆட்டங்கள் கடைசி இன்னிங்ஸ்களில் நழுவ இதுவும் ஒரு காரணம்.

தொடர்ந்து 21 தோல்விக்குப் பின் ஆகஸ்ட் 8 அன்று கிரிஃபோலை நீக்கினார்கள். அதுவரை 28 வெற்றி, 89 தோல்வி. பொறுப்பேற்ற கிரேடி சைஸ்மோரின் கணக்கு 13 வெற்றி, 32 தோல்வி. ஆள் மாறியும் பெரிய மாற்றமில்லை.

தோற்றால் அடுத்த டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) முதல் வாய்ப்பு கிடைக்கும் என்பவர்களுக்கும் ஒன்று. பெரிய வருவாய் உள்ள அணிகளுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில், முதல் தேர்வுகள் யாருக்கு என்று முடிவுசெய்யும் டிராஃப்ட் குலுக்கலில் இடம் கிடையாது. 2024இல் 5ஆவது தேர்வைப் பெற்றுவிட்ட ஒயிட் சாக்ஸுக்கு 2025இல் கிடைத்தது 10ஆவது தேர்வு.

ஒரு வேண்டுகோள்: பேஸ்பால் புள்ளிப்பட்டியல் வெளியிடும்போது வெற்றி, தோல்வியுடன் எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பேஸ்பால் வாசகர்