அகழி மட்டும் மிச்சம்

சூலூர்பேட்டை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கொச்சியில் மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்ப்பதாக எழுதியிருந்தாய். கொடுத்துவைத்தவன். இங்கே வெயில் இன்னும் அடங்கவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவனுக்குத் தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பேரன் ஸ்கூல் தெலுங்கையும் வீட்டுத் தமிழையும் கலந்து பேசி எங்களைத் திணறடிக்கிறான்.

அப்புறம், ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, பழவேற்காடு, அங்கே ஒருவழியாகப் போய்வந்தேன். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். வருகிறவர்கள் எல்லாம் டச்சுக் கல்லறை வாசலில் இருக்கிற எலும்புக்கூட்டுச் சிற்பத்தோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், மீன் வறுவல் சாப்பிடுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். கோட்டைக்கு வழி கேட்டால் டீக்கடைக்காரர், "அங்க என்னா சார் இருக்குது, முள்ளுதான்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. 1613-ல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இன்று சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மேடு. சுவரைத் தேடிப் போகிறவனுக்கு ஏமாற்றம்தான்.

நான் அகழியைப் பார்த்தேன். கோட்டைச் சுவரை வெடி வைத்துத் தகர்க்கலாம், செங்கல்லை வண்டியில் ஏற்றலாம். பள்ளத்தை யார் தூக்கிக்கொண்டு போவது? அதன் ஓரமாகவே நடந்தால் மதில் எந்தத் திசையில் ஓடியிருக்கும் என்று ஓரளவு பிடிபடுகிறது. தோண்டிப் பார்க்கிறவர்களுக்கும் இப்படிப்பட்ட பள்ளம் ஒரு புதையல். உடைந்த பீங்கான், சுங்கான் (புகைக்குழாய்) துண்டு, சமையல் எலும்பு என்று உள்ளே இருந்தவர்கள் வீசியதெல்லாம் அடிச்சேற்றில் தங்கும். அதற்கு மேல் இடிபாட்டுச் செங்கல், அதற்கும் மேல் மழை அடித்துவந்த மண். சேறு காற்றுப் புகாமல் மூடி வைப்பதால் மரமும் தோலும்கூடச் சட்டென்று மக்காது.

மேட்டுச் சரிவில் பாதி புதைந்திருந்த ஒரு செங்கல் துண்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் காரை விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. அதற்குள் சரியாக வேகாத கிளிஞ்சல் சில் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. பழவேற்காடு ஏரிக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பாகத்தான் இருக்க வேண்டும். பெயர்தான் ஹாலந்து நாட்டு மாகாணம் ஒன்றின் பெயர், உடம்பு முழுக்க நம் ஊர். துண்டைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், நீ திட்டுவாய் என்று தெரியும்.

இவ்வளவு பெரிய பள்ளத்தை வெட்டியது யாருக்குப் பயந்து என்று நினைக்கிறாய்? முதலில் போர்த்துகீசியருக்கு. 1612-ல் சாந்தோமிலிருந்து வந்து டச்சுப் பண்டகசாலையை அழித்துவிட்டுப் போனார்கள். அப்போது இந்தப் பக்கம் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் அரசி ஒருவர் அதிகாரத்தில் இருந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் கோட்டை எழுந்தது. வேடிக்கை அதற்குப் பிறகு. 1619-ல் லண்டனும் ஹாலந்தும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி ஆங்கிலேயரும் இங்கே வந்து தங்கினார்கள், காவல் செலவில் பாதி அவர்கள் தலையில். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எத்தனை நாள் எரியும்? சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, 1626-ல் எங்களுக்கு வடக்கே துர்கராஜபட்டினத்தில் பீரங்கி வைத்துத் தனிக்குடித்தனம் தொடங்கினார்கள். ஆர்மகான் என்று பழைய ஆவணங்களில் வருவது அதுதான். அங்கே இருந்த பிரான்சிஸ் டே 1639-ல் தெற்கே மணல்மேடு ஒன்றைப் பேசி முடித்தார். சென்னை வந்த கதை உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் மனசை உறுத்துகிறது. இந்தக் கோட்டையை அழகான வியாபாரக் கதையாகவே எழுதுகிறார்கள், துணியும் மிளகும் என்று. இங்கே வெடிமருந்து செய்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் ஜனங்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். மதிலுக்குள் அடைபட்டுக் கப்பலுக்குக் காத்திருந்தவனுக்கு அந்த அகழி எப்படித் தெரிந்திருக்கும்? கல்லறையில் கவர்னர்களுக்கு இருக்கிற மாதிரி அவர்களுக்குக் கல் கிடையாது.

சரி, உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். 1663-ல் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஊரைச் சுருக்கிப் புது மதில் கட்டினார்கள். அதையும் 1806-ல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கொத்தளத்தின் மேல் கட்டிய பாஸ்டியன் பங்களா இன்னும் நிற்கிறது. ஒருநாள் மாலை பேத்தியைக் கூட்டிக்கொண்டு அங்கே போ. அகழி ஓடிய தடம் தெருவாகவோ சாக்கடையாகவோ தெரிகிறதா என்று பார். இரண்டு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, கடிதத்துக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

தை மாதம் வந்தால் பூநாரையும் பார்க்கலாம், மேட்டையும் சேர்ந்து சுற்றலாம். முள் தைக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு வா. நேந்திரங்காய் சிப்ஸ் மறக்காதே.

அன்புடன்,
சேகர்