பழைய கொள்ளிடத்து முதலை: கரைமேல் கிடக்கும் கூண்டைத் துறைக்கு இறக்கி வைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
கரைத்தெருப் பெண்கள் மற்றும் பொதுமக்கள்,
பழைய கொள்ளிடம் வடகரை.

பெறுநர்:
உயர்திரு வன அலுவலர் அவர்கள்.

பொருள்: எங்கள் துறையில் வளை வைத்திருக்கும் முதலையை உடனே பிடித்து அப்புறப்படுத்தவும், படித்துறை கட்டி இரும்பு வலைத் தடுப்பு அமைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. ஆடி மாதம் நேரில் கொடுத்த மனு. 2. ஐப்பசியில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு (ரசீது உள்ளது). 3. மார்கழியில் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு. மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லை.

ஐயா,

வணக்கம். எங்கள் துறை தங்களுக்குத் தெரியாத இடமல்ல. பாலத்திலிருந்து கிழக்கே வந்து, ஐயனார் கோயிலைத் தாண்டினால் கரைமேல் இரட்டைப் பனை நிற்கும். பனைக்கு நேர் கீழே துறை. துறைக்குப் பத்தடி தள்ளி முதலை வளை. தங்கள் ஊழியர்கள் ஐப்பசியில் வந்து, கரைமேல் நின்று பார்த்துவிட்டுப் போன அதே இடம்தான்.

1. தெருவுக்காக இதை எழுதுகிற நான் வாக்கப்பட்டு வந்த காலத்தில் இந்தக் கரை மணற்சரிவாக இருந்தது. மணல் போன பிறகு ஆறு ஆழமாகி, கரை இடிந்து இடிந்து சுவர் மாதிரி நிற்கிறது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். இறங்குவதற்கு மாடும் மனிதரும் மிதித்து உண்டான ஒரே ஒரு சறுக்கு. கீழே மணல் அள்ளிய பள்ளம் கோடையிலும் வற்றாத மடுவாகிவிட்டது. முதலை அங்கேதான் குடியிருக்கிறது.

2. "ஆற்றில் இறங்காதீர்கள்" என்று பலகை வைத்திருக்கிறீர்கள். இறங்காமல் எப்படி ஐயா? அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புல் அக்கரைப் படுகையில் இருக்கிறது. விடியலில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் அறுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்தால்தான் பால் சொசைட்டியில் ஊற்ற முடியும். பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற அந்தப் பால் காசில்தான் எங்கள் தெருவே அடுப்பு மூட்டுகிறது.

3. மார்கழி கடைசியில் நடந்ததைத் தாங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மாலையில் கிடேரிக் கன்றைத் தண்ணீருக்கு இறக்கினாள். சறுக்கில் கன்று முந்தி இழுத்துவிடும் என்பதால் தும்புக் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பதுதான் எங்கள் வழக்கம். நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. கன்று வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஒரு அசைவும் இல்லையாம். திடீரென்று கன்றின் மூஞ்சியோடு கவ்வி இழுத்திருக்கிறது. கையில் சுற்றிய கயிறு இறுகி, பிள்ளையையும் சேர்த்துச் சேற்றில் இழுத்துக்கொண்டு போனது. கயிறு அறுந்ததால் பிழைத்தாள். அறுந்தது பழங்கயிறு, ஐயா. அந்த வாரம்தான் புதுக்கயிறு வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். வாங்கியிருந்தால் இந்த மனுவை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அவள் வலது உள்ளங்கையில் தோல் உரிந்து சதை தெரிந்தது. இன்னும் பேனாவைச் சரியாகப் பிடிக்க வரவில்லை. தூக்கத்தில் கையை உதறுகிறாள். மறுநாள் துறையில் போய்ப் பார்த்தேன். முதலை ஏறி இறங்கின தடம் சேற்றில் மெழுகினதுபோல் வழவழப்பாக இருந்தது. நடுவில் வால் கீறின கோடு, இரண்டு பக்கமும் நகம் பதிந்த குழி. அதன் ஓரமாக என் பிள்ளையின் ஐந்து விரல் பதிந்திருந்தது. அதற்கப்புறமும் அதே துறையில்தான் நான் இறங்குகிறேன். வேறு துறை இல்லை.

4. கூண்டு. இரண்டாவது மனுவுக்குப் பிறகு கூண்டு வந்தது, நன்றி. ஆனால் வண்டி இறங்க வழியில்லை என்று பனையடியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். முதலை தண்ணீர் ஓரத்து வளையில் கிடக்கிறது. கூண்டு கரைமேல் கிடக்கிறது. இந்தச் சுவரில் ஏறி வந்து அது கூண்டுக்குள் போகுமா? இன்று அந்தக் கூண்டில் கோவைக்கொடி படர்ந்து காய் காய்த்திருக்கிறது. ஊரில் சாமி தூக்குகிற இளைஞர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். மூங்கில் கட்டித் தோளில் தூக்கி இறக்கிவிடுவார்கள். இரட்டைப் பனையில் வடம் கட்டினால் சரியாது. இரைக்குக் கோழியும் நாங்களே தருகிறோம். தங்கள் ஆள் ஒருவர் கூட நின்று சொன்னால் போதும். நாங்களாகத் தொட்டால் வழக்கு வரும் என்பதால் தொடாமல் இருக்கிறோம்.

5. முதலை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். தெரியும். மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம் என்று அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இருக்கிறதே. அந்த அனுமதியைக் கேட்டு ஒரு கடிதம் போயிருக்கிறதா? அதைக் கொல்லச் சொல்லி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்து ஊர்களில் பிடித்து வக்காரமாரி ஏரியில் விட்டீர்கள். அமராவதி அணையில் முதலைப் பண்ணையே இருக்கிறது. எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். எங்கள் துறையில் வேண்டாம்.

6. இப்போது தை முடிகிறது. மாசி, பங்குனியில் முதலை கரை மணலில் குழி பறித்து முட்டையிடும். ஒரு குழியில் இருபது முப்பது முட்டை இருக்கும். முட்டைக்குக் காவல் இருக்கிற முதலை பக்கத்தில் யாரையும் விடாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் வந்துவிட்டால் வளையும் தெரியாது, துறையும் தெரியாது, கூண்டும் வைக்க முடியாது. பிறகு அடுத்த தைதான். அதுவரை யார் வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா?

7. கன்றுக்கு இழப்பீடு பற்றி விண்ணப்பம் தனியாக வைத்திருக்கிறேன். கிடைத்தால் உதவி. கிடைக்காவிட்டாலும் கூண்டை மட்டும் இறக்குங்கள்.

8. கூண்டை இறக்குங்கள் ஐயா. நான்காவது முறையாகக் கேட்கிறோம்.

முதலையைப் பிடித்த பிறகு, சறுக்கு இருக்கும் இடத்தில் கரையைச் சரிவாக வெட்டிப் படித்துறை கட்டி, தண்ணீருக்குள் நாலு பக்கமும் இரும்பு வலை அடித்துக் கொடுத்தால் பெண்களும் மாடுகளும் பயமில்லாமல் இறங்குவோம். அதைப் பொதுப்பணிக்காரர்கள்தான் செய்ய வேண்டும் என்றால், அவர்களுக்குத் தாங்கள் ஒரு வரி எழுதிப் பரிந்துரைக்கும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கரைத்தெருப் பெண்கள், பொதுமக்கள்.
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் இணைப்பில்)

குறிப்பு: பார்க்க வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கு மேல் வரவும். அந்த நேரத்தில் கரையடிச் சேற்றுத் திட்டில் அது வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கரைமேல் நின்றால் தெரியாது. சறுக்கில் பாதியாவது இறங்கிப் பார்க்க வேண்டும். வடம் பிடிக்க நாங்கள் நிற்கிறோம்.