ஒரிஜினல் என்று எழுதும் முன்: பிரிட்டிஷ் கார் ஏலக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஏலம் விடும் நிறுவனங்களில் கேட்டலாக் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். கவென்ட்ரி பக்கம் ஒரு பட்டறையில் பதினெட்டு வருடமாக டிங்கரிங் வேலை பார்க்கிறேன். ஜாகுவார், ஆஸ்டின்-ஹீலி, எம்ஜி, ட்ரையம்ஃப் என்று எது வந்தாலும் துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பெயிண்ட் அடிக்கிறவர் கையில் ஒப்படைப்பது என் வேலை.

போன வருடம் ஒரு ஏலத்தின் கேட்டலாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஜாகுவாரின் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பட்டறையில் பதினான்கு மாதம் கிடந்த கார். படத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. நான்கு பக்கத்துக்கு விவரம் எழுதியிருந்தார்கள். அதில் பாடி பெரும்பாலும் ஒரிஜினல் என்று ஒரு வரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காரின் கதவுக்குக் கீழே ஓடும் சில் பேனல்கள் இரண்டும் நான் வைத்தவை. தரைத் தகடு நான் வைத்தது. பின்சக்கர வளைவின் உள்தகடு, டிக்கியின் அடிப்பகுதி எல்லாமே என் கை பட்டவைதான். கதவுகள் பழையவை, ஆனால் அவற்றிலும் கீழ்ப்பக்கம் ஒரு சாண் அளவுக்குப் புதுத் தகடு.

யாரும் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எங்களிடம் வேலை கொடுத்தவர் விற்றுவிட்டார், வாங்கியவரும் விற்றுவிட்டார். மூன்றாவது ஆளுக்கு உள்ளே என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? ஆனால் பட்டறையின் பெயர் காரின் கோப்பிலேயே இருக்கிறது. ஒரு போன் போட்டிருந்தால் வேலை நடந்தபோது எடுத்த படங்கள் அத்தனையும் கொடுத்திருப்போம். யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கேட்டலாக்குகளில் ஒரிஜினல் என்ற சொல்லுக்கு முட்டுக்கொடுப்பது எப்போதும் மேட்சிங் நம்பர்ஸ்தான். சேசிஸ், இன்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழோடு ஒத்துப்போனால் விலை எகிறிவிடுகிறது. அந்தச் சான்றிதழை நான் குறைசொல்லவில்லை. தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து நேர்மையாக எழுதப்படுவது அது. என்ன நிறம், என்ன சீட் தோல், எந்தத் தேதியில் தயாரானது, எந்த டீலருக்குப் போனது என்று எல்லாம் சொல்லும். ஆனால் 1961-இல் தொழிற்சாலையை விட்டு என்ன வெளியே போனது என்றுதான் அது சொல்கிறது. இன்று உங்கள் கூடாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் என்ன நிற்கிறது என்று சொல்வது அதன் வேலை இல்லை. அது உங்கள் வேலை.

ஈ-டைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், கூடப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காரின் நடுப்பகுதி தகடுகளை இணைத்துச் செய்த ஒரு கூடு. இன்ஜினைத் தாங்கும் முன்பகுதி சதுரக் குழாய்ச் சட்டம். ரெனால்ட்ஸ் குழாய், பந்தய சைக்கிள் செய்கிறவர்கள் உயிராக மதித்த அதே நிறுவனம். அந்தச் சட்டம் நடுக்கூட்டில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ஜாகுவார் சேசிஸ் எண்ணைப் பொறித்தது எங்கே? அந்த முன்சட்டத்தின் வலது மேல்புறத்தில், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்தருகே. ஸ்பேனர் போட்டுக் கழற்றக்கூடிய பாகம் அது. குழாய்க்குள்ளிருந்தே துருப்பிடிக்கும், எங்கேயாவது இடித்தால் முதலில் வளையும். இந்த அறுபது வருடத்தில் எத்தனையோ கார்களுக்கு அது மாற்றப்பட்டுவிட்டது. மாற்றியவர்கள் புதுச் சட்டத்தில் பழைய எண்ணையே மறுபடி பொறித்தார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை, முறையான ரிப்பேர் அது. ஆனால் அந்த எண்ணைக் காட்டி இந்தக் கார் அன்றைய இரும்பு என்று சொன்னால், அது எப்படிச் சரியாகும்?

இன்ஜின் எண்ணும் அப்படித்தான். பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒரு தடவை, சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம் ஒரு தடவை அடித்திருப்பார்கள். வேறு பிளாக்கைப் போட்டுவிட்டு, அதில் இருந்த எண்ணைத் தேய்த்துப் புது எண் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் மெஷின் ஓடிய மெல்லிய கோடுகள் சுற்றிலும் இருந்து, எண் இருக்கும் இடத்தில் மட்டும் வழவழப்பாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை இது. அதைப் பார்த்தோம் என்று ஒரு கேட்டலாக்கிலும் நான் படித்ததில்லை.

பிரிட்டனில் வண்டிகளைப் பதிவுசெய்யும் டிவிஎல்ஏ, மாற்றிக் கட்டிய கார்கள் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க நீண்டகாலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. சேசிஸ் அல்லது கூட்டுக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு வெறும் 1. குறைந்தது 8 தேறவேண்டும். அந்தக் கணக்கில் குறைகள் உண்டு. ஆனால் இன்ஜினை ஒரு காரின் அடையாளத்தில் மிகச் சிறிய பங்காக அரசாங்க அலுவலகமே மதித்தது என்பதைக் கவனியுங்கள். ஏலத்திலோ நேர் எதிராக நடக்கிறது. பிளாக் பழையதாக இருந்தால் போதும், கூடு முழுவதும் போன வருடத்துத் தகடாக இருந்தாலும் ஒரிஜினல் என்ற சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பாகங்கள் மாறிய கார் பொய்யான கார் என்று நான் சொல்லவரவில்லை. 1990-இல் லண்டன் நீதிமன்றத்தில் நடந்த பென்ட்லி வழக்கு உங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த ஓல்ட் நம்பர் ஒன் காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார்கள். நீதிபதி ஆட்டன் அந்தக் காரைப் பாகம் பாகமாகப் பார்த்தார். 1929-இல் ஓடியதில் நிச்சயமாகச் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. 1930-இல் ஓடியதில் பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு இவ்வளவுதான் மிச்சம். ஆனாலும் அது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஏனென்றால் அந்தக் கார் நடுவில் எங்கேயும் அறுந்துபோகவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றி மாற்றிக் கட்டப்பட்டாலும் ஒரே கார் என்ற தொடர்ச்சி இருந்தது. அதை ஒரிஜினல் என்று அவர் சொல்லவில்லை, உண்மையானது என்றார். அந்த வித்தியாசத்தை ஒரு நீதிபதி அவ்வளவு பொறுமையாகப் பிரித்துக் காட்டி 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்டலாக்குகளில் இன்னும் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன.

காருக்குக் கார் நியாயமும் மாறும். லோட்டஸ் எலான் காரின் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் சேசிஸ் துருப்பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். லோட்டஸே துத்தநாகம் பூசிய மாற்றுச் சேசிஸ் விற்றது, அதைப் போட்டதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. எம்ஜியின் எம்ஜிபி காருக்கு 1988-லிருந்து பழைய அச்சுகளைக் கொண்டே செய்த முழுக் கூடு கிடைக்கிறது. அது போட்ட கார் நல்ல கார், ஓட்டுவதற்கு அருமையான கார். அதை அப்படியே சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது.

ஆஸ்டின்-ஹீலி 100 விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். அதில் வேகத்தைக் கூட்டிய ரகம் 100எம். தொழிற்சாலையிலேயே 100எம்-ஆகக் கட்டியவை 640. அதே பாகங்களைக் கிட்டாக வாங்கி டீலர்கள் மாட்டியவை தனி. நேற்று மாட்டியவை இன்னொரு தனி. மூன்றுக்கும் காற்றுப் பிளவு வெட்டிய பானட் இருக்கும், மேலே தோல் பட்டை இருக்கும், நிறுத்திவைத்தால் ஒரே மாதிரி தெரியும். கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகம் தரும் சான்றிதழ் முதல் வகையைப் பிரித்துக் காட்டிவிடும். அப்புறம்? பானட்டைத் திறந்து அடியில் பாருங்கள். வெஸ்ட் ப்ராம்விச்சில் ஜென்சன் நிறுவனம் கட்டிய பாடிகள் அவை. பானட், டிக்கி மூடி போன்றவற்றை அந்தந்தக் காருக்கே கையால் பொருத்தி, கலந்துவிடாமல் இருக்க உள்பக்கம் எண் அடித்துவைத்தார்கள். போன மாதம் என் மேசைக்கு வந்த ஒரு டிக்கி மூடியில் பெயிண்டை மெதுவாகச் சுரண்டினேன். சிவப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கடியில் வெளிர்நீலம், அப்புறம் கொஞ்சம் கோணலாக அந்த எண். எழுபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு தொழிலாளி சுத்தியலால் தட்டியது. மூன்றாவது இலக்கம் சரியாக விழாமல் இரண்டாவது தடவை அடித்திருக்கிறார். கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு ஒரிஜினல்.

அதே சமயம் மினுமினுப்புக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கதவு இடைவெளி நூல் பிடித்த மாதிரி இருந்தால் பாராட்டி எழுதுகிறீர்கள். அந்தக் காலத் தொழிற்சாலையில் இடைவெளி அப்படி இருந்ததே இல்லை. இணைப்புகளில் ஈயத்தை உருக்கி ஊற்றி அரம் போட்டார்கள், கைக்குக் கை கொஞ்சம் மாறும். பழைய பெயிண்ட் வெடித்து, சீட் தோல் சுருங்கி, லூகாஸ் டைனமோவில் மாதமும் வருடமும் பொறித்தபடி அப்படியே நிற்கும் கார், பக்கத்தில் பளபளக்கும் காரைவிடக் குறைந்த மதிப்பீட்டோடு மேடை ஏறுகிறது. அதை வாங்குகிறவர் நேராக எங்களிடம் கொண்டுவந்து எல்லாவற்றையும் புதுசாக்கு என்கிறார். கூலிக்காக நானும் செய்திருக்கிறேன். சுரண்டிய பெயிண்டைக் கூட்டி அள்ளும்போது மனசு வலித்திருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரிஜினல் என்ற ஒற்றைச் சொல்லை எழுதாதீர்கள். கூட்டில் எந்தப் பகுதி பழைய தகடு, எது புதிது, யார் எப்போது மாற்றினார்கள் என்று எழுதுங்கள். முன்சட்டம் மாறியிருந்தால் மாறியது என்றே எழுதுங்கள். எண்ணை மறுபடி பொறித்திருந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று போடுங்கள். விவரங்கள் எல்லாம் எங்கள் கருத்து மட்டுமே என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டால் போதாது. லட்சக்கணக்கில் பவுண்டு கொடுக்கிறவர் முதல் பக்கத்தை நம்பித்தான் கை தூக்குகிறார். பட்டறைக்கு போன் போடுங்கள். எங்களில் பெரும்பாலானவர்கள் செய்த வேலையை மறைக்க நினைப்பதில்லை, பெருமையாகச் சொல்லவே நினைக்கிறோம்.

முதலில் சொன்ன அந்த ஈ-டைப்புக்கு முன்சட்டத்தையும் மாற்றினோம். பழையது மக்கிவிட்டது, வேறு வழியில்லை. சேசிஸ் எண் இருந்த துண்டை மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெட்டியெடுத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அன்றைய உரிமையாளர் கையில் கொடுத்தேன். காரை விற்றால் இதையும் கூடவே கொடுங்கள் என்று சொன்னேன். கேட்டலாக்கின் நான்கு பக்கத்தில் சாவிக்கொத்துக்குப் படம் இருந்தது, டூல் கிட்டுக்குப் படம் இருந்தது. டப்பாவைக் காணோம். அது இன்னும் காரோடுதான் இருக்கிறதா என்று அதை விற்றவர்கள் ஒரு வார்த்தை விசாரித்துச் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு டிங்கரிங் தொழிலாளி, கவென்ட்ரி