முசிறிக் கூட்டத்துச் செய்திகள்

குளித்தலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பேத்திக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாயாமே, விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

ரிடையர் ஆகிவிட்டு என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். மாதம் ஒரு சனிக்கிழமை பாலம் தாண்டி முசிறிக்குப் போகிறேன். அங்கே ஒரு வாசகர் வட்டம் கூடுகிறது. வாத்தியார்கள், தொட்டியம் பக்கத்து வாழை விவசாயி ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். முதலில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச்சு. அப்புறம் யாராவது தாங்கள் எழுதியதை வாசிப்பார்கள். முகத்துக்காகப் பாராட்டுகிற வழக்கம் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

நான் சேர்ந்த புதிதில் பெண் எழுத்தாளர்களுக்கென்று மார்ச் மாதத்தை ஒதுக்கிவைத்திருந்தார்கள். மகளிர் தினத்தையொட்டி ஒரு கூட்டம், ஒரு பொன்னாடை, அதோடு சரி. மற்ற மாதமெல்லாம் ஆண்கள் எழுதியதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, பழக்கம் அப்படி. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. நாம் உட்கார்ந்திருப்பது ராஜம் கிருஷ்ணன் பிறந்த ஊர். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் தொட்டியம். டாக்டர் லட்சுமி அந்தப் பக்கத்துக்காரர். சாகித்ய அகாடமி தமிழுக்கு விருது கொடுக்கத் தொடங்கியது 1955இல். அதை வாங்கிய பெண்கள் என்று பார்த்தால் 1973இல் ராஜம் கிருஷ்ணன், 1984இல் லட்சுமி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. அம்பை வாங்கியபோது அவர் நான்காவது பெண், அவ்வளவுதான். அந்த நால்வரில் இரண்டு பேர் இந்த ஒரே கரைக்காரர்கள். இதைக் கூட்டத்தில் சொன்னேன். முசிறியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அது புதுச் செய்தி.

ராஜம் கிருஷ்ணனின் நூற்றாண்டு 2025 நவம்பரில் வந்ததல்லவா, அதைச் சாக்காக வைத்து 'கரிப்பு மணிகள்' படிக்கலாம் என்றேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். குடும்பக் கதையாக இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள்தான் அதிகம். எங்கள் வாழைக்காரர் எழுந்து, "இந்த அம்மா வெயில்ல நின்னு பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க. கூலி எங்கே குறையுது, யார் வழியாக் குறையுதுன்னு கணக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அவர் தோட்டத்தில் தார் சுமக்கிற பெண்களுக்கு என்ன கூலி என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டுவிட்டாள். அன்றைக்குக் கூட்டம் முடிய இருட்டிவிட்டது!

பதினைந்து வயதில் கல்யாணமாகி, மின்துறையில் இருந்த கணவருக்கு மாற்றலான ஊருக்கெல்லாம் கூடவே போன பெண் ராஜம் கிருஷ்ணன். வேறு யாராவது என்றால் புது ஊரில் வீடு ஒழுங்கு செய்வதோடு நின்றிருப்பார்கள். இவர் நீலகிரியில் இருந்தபோது படகர்களின் வாழ்க்கையை 'குறிஞ்சித்தேன்' ஆக எழுதினார். கோவா விடுதலை, சம்பல் கொள்ளைக்காரர்கள், தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகள் என்று எதை எடுத்தாலும் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்து எழுதினார். இப்படிப்பட்டவரைப் 'பெண்ணெழுத்து' என்கிற ஒரே அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. அதனால் இப்போது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அவர் கதைகள் சிலவற்றைச் சிறு புத்தகமாகப் போட்டுச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பணம் பாதிதான் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். கூட்டம் முன்பு மாலை ஆறு மணிக்கு நடந்தது. பெண்கள் ஏன் வருவதில்லை என்று அங்கே அடிக்கடி கவலைப்படுவார்கள். ஆறு மணிக்கு எந்த வீட்டில் பெண்ணுக்குக் கை சும்மா இருக்கிறது? விளக்கேற்ற வேண்டும், பிள்ளைகளைப் படிக்க உட்கார்த்த வேண்டும், ராத்திரிச் சாப்பாடு. வாதாடி மதியம் மூன்று மணிக்கு மாற்றவைத்தேன். இப்போது பாதிக்குப் பாதி பெண்கள் வருகிறார்கள். அழைப்பிதழில் 'பெண்கள் பெருமளவில் கலந்துகொள்ள வேண்டுகிறோம்' என்று அச்சடித்துச் சாதிக்க முடியாததை இந்த மூன்று மணி சாதித்தது.

அப்படி வந்தவர்களில் கோரைப்பாய் வேலை செய்கிற ஒரு பெண். மகனின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கமிருந்து ஒரு கதை எழுதிக்கொண்டு வந்திருந்தார். கோரையை உயரம் பார்த்துப் பிரித்துக் கட்டும் ஒரு தாயும் மகளும். விரலில் கீறல் பட்ட இடத்தில் புளிக்குழம்பு எரியும் என்று இருவரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பெண் பார்க்கும் கூட்டத்தின் முன்னாலும் மகள் மறந்துபோய் இடது கையை நீட்டிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. கடைசியில் மாப்பிள்ளை நல்லவனாக வந்து ஏற்றுக்கொள்கிற மாதிரி முடித்தால் என்ன என்று ஒரு பெரியவர் சொன்னார். ஒரு வரிகூட மாற்றாதே அம்மா என்று நான் குறுக்கே விழுந்தேன். அடுத்த கதையும் எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

அடுத்த மாதம் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. அவருடைய ஊரான துவரங்குறிச்சியும் முசிறி இருக்கிற திருச்சி மாவட்டம்தானே. படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருந்தபடி, புனைபெயரில் எழுதி வெளியே வந்தவர். அந்த நாவலைப் பெண்கள் முன்னால் எப்படிப் பேசுவது என்று இரண்டு பேர் தயங்கினார்கள். பெண்களே பேசுவோம், நீங்கள் கேளுங்கள் என்று சொல்லிவிட்டோம்.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். லட்சுமியின் 'ஒரு காவிரியைப் போல' எங்களுக்கு ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. மருத்துவம் படிக்கும்போதே விகடனில் எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்த கதையை உனக்கு நான் ஹாஸ்டலில் சொல்லியிருக்கிறேன். அப்புறம் தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் இருந்தார். அந்த வாழ்க்கைதான் இந்த நாவலுக்குள் வந்திருக்கிறது. உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் பழைய பிரதி இருக்கும் என்று நினைக்கிறேன். கிடைத்தால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு, செலவை நான் தந்துவிடுகிறேன்.

கூடவே, ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் மாமியாரோடு இருந்த முதல் வருஷத்தைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னாயே, அதையும் அனுப்பு. ஆவணி மாதக் கூட்டத்தில் கதை வாசிக்க இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. நான் உன் பெயரைக் கொடுத்துவிடட்டுமா?

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழி