சிகாகோவிலிருந்து அப்பாவுக்கு

சிகாகோ,
ஜனவரி 19.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? போன வாரம் போனில் "அங்கே லேத்தில் என்னதான் ஓட்டுகிறாய்?" என்று கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் பாதி சொல்லி நிறுத்திவிட்டேன். இன்று ஞாயிறு. வெளியே மைனஸ் 15, ஏரிக் காற்று வேறு. எங்கேயும் போக வழியில்லை, முழுதாக எழுதிவிடுகிறேன்.

கோயமுத்தூரில் நம் கணபதிப் பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தேன். இங்கே க்யூ, அதாவது பில்லியர்ட்ஸ் மாதிரி மேஜையில் ஆடும் பூல் (pool) ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல். நீளம் 58 அங்குலம், நடுவில் கழற்றி மாட்டும்படி இரண்டு துண்டு. பிடிக்கிற துண்டில் ஒரு பின் நீட்டிக்கொண்டிருக்கும். முன் துண்டின் அடியில் அதற்கான மரை. அந்த முன் துண்டைத்தான் இங்கே ஷாஃப்ட் என்கிறார்கள், அது ஹார்ட் மேப்பிள் மரம். இங்கே தோசை மாதிரி ஒன்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்களே ஒரு பாகு, அதுவும் இந்த மரத்துச் சாறுதான். நுனியில் ஃபெரூல் என்று ஒரு வெள்ளைக் குப்பி, அதன் மேல் 13 மில்லிமீட்டர் தோல் டிப். பந்தைத் தொடுவது அந்தத் தோல்தான். அது தேய்ந்தால் எங்கள் கடைக்கு வருவார்கள்.

வேலை கேட்கச் சுலபமாக இருக்கும். பழைய டிப்பை வெட்டி, ஃபெரூல் முகத்தைச் சமமாகச் சீவி, புது டிப்பின் அடியைத் தேய்த்துச் சூப்பர் க்ளூ வைத்து ஒட்ட வேண்டும். காய்ந்ததும் பக்கத்தை ஃபெரூலோடு ஃபெரூலாகச் சீவி, தலையை இங்குள்ள 5 சென்ட் காசின் வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு இது இரண்டே நாளில் கை வந்தது. ஆனால் தப்பு நடந்தது நுனியில் இல்லை அப்பா, அடியில். யாரும் பார்க்காத அந்த மரையில்.

கடையின் சின்ன லேத்தில், வேலையைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் ஓட்டை 20 மில்லிமீட்டர். க்யூவின் இரண்டு துண்டும் சேரும் ஜாயின்ட் 21க்கு மேல். உள்ளே போகாது. அதனால் ஒரு பின்னை லேத்தின் கவ்வியான சக்கில் பிடித்து, அதில் ஷாஃப்ட்டைத் திருகி, முன்பக்கம் ஆடாமல் தாங்க ஸ்டெடி ரெஸ்ட் வைத்து ஓட்டுவார்கள். நான் சேர்ந்த மூன்றாவது வாரம், பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓர் அம்மா தன் க்யூவைக் கொடுத்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை லீக் ஆட்டம், அதற்குள் வேண்டும் என்றார். அதில் உள்ளே பதித்த பித்தளை மரை (இன்செர்ட்) கிடையாது. மரத்திலேயே நேராக வெட்டிய மரை: 3/8 அங்குலம், நம் பேச்சில் மூணு நூல், அங்குலத்துக்கு 10 மரை. டிராயரில் இருந்து நான் எடுத்த பின்னும் மூணு நூல்தான். ஆனால் அது 11.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 10 என்றால் ஒரு மரைக்கு 2.54 மில்லிமீட்டர், 11 என்றால் 2.31. முதல் இரண்டு சுற்று சாதாரணமாகப் போயிற்று. அப்புறம் இறுகியது. குளிருக்கு ஹீட்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் மரம் வற்றி இறுகுகிறது என்று நினைத்து, துணி போட்டுத் திருகினேன். ஒரு நொடியில் பிடி விட்டுச் சுழன்றது. கழற்றினால் பின்னில் மரத்தூள் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. "கை தடுத்தால் நில், மரை உனக்கு ஏதோ சொல்கிறது" என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். அன்று நான் நிற்கவில்லை. வயிறு கலங்கிவிட்டது அப்பா.

முதலாளியிடம் உடனே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கி, மேப்பிள் முளை அடித்து எபாக்ஸியில் ஒட்டி, ஒரு நாள் விட்டு மறுபடி ஓட்டை போட்டார். மரை வெட்டும் டாப்பை விடும் முன் ஓட்டைச் சுவரில் தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் க்ளூவை ஊறவிட்டார். மரம் நார் நாராகப் பிய்யாமல் மரை கண்ணாடி மாதிரி வந்தது. அந்த அம்மாவிடம் நானே நடந்ததைச் சொல்லி, அந்த வாரம் கடையின் க்யூ ஒன்றைக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. என் சம்பளத்தில் கழிக்கச் சொன்னேன்.

அதன் பிறகு ராத்திரியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். தப்பான பின் ஒரு காரணம், சரி. ஆனால் சரியான பின்னாகவே இருந்தாலும் அந்த முறையே எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டும் டூல் தோல் டிப்பைக் கடித்தால் வலது மரை இன்னும் இறுகும். அந்த முறுக்கு முழுக்க மர மரையின் மேலும், அதைச் சுற்றியுள்ள மெல்லிய காலர் வளையத்தின் மேலும்தான் இறங்கும். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பிறந்த மரை அது. லேத்தின் பாரத்தை அது ஏன் சுமக்க வேண்டும்?

பின்கட்டில் பெரிய லேத் ஒன்று தூசி படிந்து கிடந்தது, ஓட்டை ஒன்றரை அங்குலம். முதலாளியிடம் கேட்டு அதைச் சுத்தம் செய்தேன். இப்போது ஷாஃப்ட் முழுவதும் அந்த ஓட்டை வழியாக, லேத்தின் சுழலும் அச்சான ஸ்பிண்டிலுக்குள் போகிறது. ஃபெரூலுக்குப் பக்கத்தில், டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் நான் கடைந்த பிளவு புஷ்ஷில் வெளிப்பக்கமாகப் பிடிக்கிறேன். பின்னால் நீட்டும் ஜாயின்ட் துள்ளாமல் இருக்க, காலரின் மேல் இன்னொரு டெல்ரின் வளையம். மரைக்குள் ஒரு மூடி மட்டும். பித்தளைதான், ஆனால் மரையை அளவுக்குக் கொஞ்சம் குறைத்து வெட்டினேன். அதன் தோள்பட்டை ஜாயின்ட் முகத்தில் சமமாக உட்காரும். கொஞ்சம் மெழுகு தடவி, இரண்டு விரலால் திருகினால் போதும். அது எதையும் பிடிப்பதில்லை. தோல் தூளும், டிப்பில் தடவும் சாக் தூளும், க்ளூவும் உள்ளே போகாமல் காவல் நிற்கிறது, அவ்வளவுதான்.

3/8இல் 10, 11. ரெண்டரை நூலில் 14, 18. நான்குக்கும் தனித்தனி மூடி செய்து, மேலே எண் அடித்து வைத்திருக்கிறேன். க்யூ வந்ததும் முதலில் மரையை அளக்கும் திரெட் கேஜை வைத்துப் பார்க்காமல் எதையும் உள்ளே விடுவதில்லை. முதலாளி அந்த மூடிகளைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எங்கே கற்றாய் என்றார். கோயமுத்தூரில் என் அப்பாவிடம் என்றேன். ஊட்டிக்கு அடிவாரம்தான் எங்கள் ஊர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் தொடங்கினாலும் அதன் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சந்தேகம் அப்பா. மர மரைக்குப் போகும் பித்தளையில் நான் 8 தவு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 8 பங்கு, குறைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் மரம் ஊதினால் அது போதுமா? நம் பட்டறையில் வார்ப்புக்கான மர பேட்டர்னுக்கு மரை போடும்போது நீங்கள் எவ்வளவு விடுவீர்கள்? தம்பியிடம் சொல்லி எழுதுங்கள்.

சம்பளத்தில் கழித்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நினைத்துக்கொள்வார். போன மாதம் வந்த பருப்புப் பொடி இன்னும் பாதி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்