ஏழு காசும் ஒரே நூலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர் தேர்தல் கணிப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ரசித்துப் படித்தேன், இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு. "2024-ல் கடைசி நாள்வரை இழுபறி, இழுபறி என்றார்கள். எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஊசலாட்ட மாநிலங்கள் ஏழையும் டிரம்ப் வாரிக்கொண்டு போனார். கணிப்பாளர்கள் இனி கடையைக் கட்டலாம்" என்பதுதான் கட்டுரையின் சாரம். நெடுங்காலம் புள்ளியியல் பாடம் நடத்தியவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மாநிலத்தை வெல்பவருக்குப் போகும் தேர்வாளர் வாக்குகளில் 312-க்கு 226 என்று பார்த்தால் டிரம்புக்கு அமோக வெற்றி போலத்தான் தெரிகிறது. ஆனால் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்றும் கமலா ஹாரிஸ் பக்கம் விழுந்திருந்தால் அவருக்குச் சரியாக 270 வந்திருக்கும். 270 கிடைத்தால் வெள்ளை மாளிகை. அந்த மூன்று மாநிலங்களிலும் சேர்த்து டிரம்ப் பெற்ற முன்னிலை சுமார் 2.3 லட்சம் வாக்குகள். நாடு முழுக்கப் பதிவானவையோ 15 கோடிக்கும் மேல். இதை இழுபறி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

"ஏழு மாநிலமும் சமநிலையில் இருந்தால் ஆளுக்கு மூன்று நான்கு என்று பிரிந்திருக்க வேண்டாமா?" என்று கட்டுரையாளர் கேட்கிறார். ஏழு காசுகளைத் தனித்தனியாகச் சுண்டினால் அப்படித்தான் பிரியும். ஏழும் தலையாக விழ 128-ல் ஒரு வாய்ப்புதான். ஆனால் மாநிலங்கள் தனித்தனிக் காசுகள் அல்ல. மிச்சிகனில் கணிப்பாளரின் தொலைபேசியை எடுக்காத அதே வகை ஆள்தான் விஸ்கான்சினிலும் எடுக்க மாட்டார். ஓரிடத்தில் கணிப்பு இரண்டு சதவீதப் புள்ளி பிசகினால் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் அதே பக்கமாகத்தான் பிசகும். ஏழு காசையும் ஒரே நூலில் கட்டிச் சுண்டிய கதை. கணிப்புகளைத் தொகுத்து வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும் நேட் சில்வர், தன் கணக்கு மாதிரியைக் கணினியில் 80,000 முறை ஓட்டிப் பார்த்தார். 40,012 முறை ஹாரிஸ் வென்றார், அதாவது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. இதைக் கேலி செய்யும் கட்டுரை ஒன்றை விட்டுவிட்டது. அதே ஓட்டத்தில் மற்ற எல்லா முடிவுகளையும்விட அதிக முறை வந்தது எது தெரியுமா? டிரம்ப் ஏழையும் வெல்வது. அதற்கு அடுத்தபடியாக வந்தது ஹாரிஸ் ஏழையும் வெல்வது! யார் என்று தெரியாது, ஆனால் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் வாய்ப்பு நிறைய என்று சொல்லியிருக்கிறார். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

கணிப்பாளர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அவர்களைத் திட்ட வேறு காரணங்கள் இருக்கின்றன. கட்டுரையில் அவைதான் இல்லை.

ஆயிரம் பேரிடம் கேட்டால் ஒரு வேட்பாளரின் சதவீதம் மூன்று புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் என்று வந்தால் அது ஏறக்குறைய ஆறு புள்ளிவரை ஆடும். அப்படியென்றால் நிஜமாகவே சமநிலையில் இருக்கும் ஒரு மாநிலத்தில் பத்து நிறுவனங்கள் கேட்டால், ஒன்றிரண்டாவது "நான்கு புள்ளி முன்னிலை", "ஐந்து புள்ளி பின்னடைவு" என்று காட்டியாக வேண்டும். 2024-ன் கடைசி வாரங்களில் வந்த முடிவுகளைப் பாருங்கள். ஒரு புள்ளி, சமம், ஒரு புள்ளி, சமம்! கேட்டது வெவ்வேறு ஆட்களிடம், விடை மட்டும் வார்த்து எடுத்தாற்போல ஒன்று. பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதியது திருத்துகிற எனக்குத் தெரியாதா? தனித்துத் தெரிந்து அவமானப்பட வேண்டாம் என்று மந்தையோடு போகிற இந்தப் பழக்கம்தான் உண்மையான கோளாறு.

அயோவா மாநிலத்தில் ஆன் செல்சர் என்கிற கணிப்பாளர் மட்டும் தனக்கு வந்ததை வந்தபடியே வெளியிட்டார். ஹாரிஸுக்கு மூன்று புள்ளி முன்னிலை என்று அவர் சொன்ன மாநிலத்தில் டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். பெரிய சறுக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் 2020-ல் அதே அயோவாவில் டிரம்புக்கு ஏழு புள்ளி முன்னிலை என்று, மற்றவர்களோடு ஒட்டாமல் சொன்னவரும் அவர்தான். அந்த முறை முடிவு எட்டுப் புள்ளி. இந்தத் துணிச்சல் இல்லாத கணிப்பால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

அப்புறம் அந்த "தொழில்நுட்பத்தில் எல்லாம் முன்னேறிவிட்டோம், இன்னும் ஏன் தவறுகிறது?" என்கிற கேள்வி. முன்னேற்றம் பாதி, பின்னேற்றம் பாதி. பியூ ஆய்வு மையம் 1997-ல் தொலைபேசியில் முயன்றவர்களில் 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018-ல் ஆறு சதவீதம்தான். பேசாத 94 பேரின் மனதைப் பேசிய ஆறு பேரை வைத்து ஊகிக்க வேண்டும். 2016-ல் பல மாநிலக் கணிப்புகள் சறுக்கியதற்கு ஒரு காரணம், கல்லூரி படித்தவர்கள் பதில் சொல்ல அதிகம் முன்வருவதைக் கணக்கில் சரிசெய்யாமல் விட்டது. 2020-ல் அதைச் சரிசெய்த பிறகும் பிசகியது. விஸ்கான்சினில் பைடனுக்கு 17 புள்ளி முன்னிலை என்று ஒரு பெரிய பத்திரிகையும் தொலைக்காட்சியும் சேர்ந்து சொல்ல, முடிவு ஒரு புள்ளிகூட இல்லை. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் போதும் என்கிற நம்பிக்கை 1936-லேயே உடைந்துவிட்டது. லிட்டரரி டைஜஸ்ட் என்கிற அமெரிக்கப் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகளை எண்ணி ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார்.

யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டும் பந்தயச் சந்தைதான் சரியான வழி என்று கட்டுரை முடிகிறது. தேர்தலுக்கு முந்தைய நாள் அந்தச் சந்தைகள் டிரம்புக்குக் கொடுத்த வாய்ப்பு 60 சதவீதத்தை ஒட்டித்தான். பூவா தலையாவைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 2016-ல் இதே சந்தைகள் ஹில்லாரி கிளிண்டனுக்கு 80 சதவீதத்துக்கும் மேல் கொடுத்ததை மறந்துவிட்டோமா? நான் மறக்கவில்லை. அந்த ஆண்டு இந்த எண்களை எல்லாம் காட்டி "ஹில்லாரிதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று மைத்துனரிடம் அடித்துச் சொன்னேன். அவர் எழுதி வைத்துக்கொண்டார். இன்னமும் வைத்திருக்கிறார். 80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு முறை தவறும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பது வேறு கதை.

இவ்வளவு ஏன், எண்ணுகிறபோதும்கூட யார் என்று சொல்ல முடியாத தேர்தல்களும் உண்டு. 2000-ல் புளோரிடாவைத் தொலைக்காட்சிகள் முதலில் அல் கோருக்குக் கொடுத்தன, திரும்ப வாங்கின, புஷ்ஷுக்குக் கொடுத்தன, அதையும் திரும்ப வாங்கின. கோர் தோல்வியை ஒப்புக்கொண்டு புஷ்ஷுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, மறுபடி அழைத்து அதை வாபஸ் வாங்கினார். கடைசியில் வித்தியாசம் 537 வாக்குகள். எந்த மாதிரியால் இதை முன்கூட்டிச் சொல்ல முடியும்?

ஒரு திருத்தமும் வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் உள்ள பெட்டிச் செய்தியில் "2016-ல் ஹில்லாரிக்கு 71 சதவீத ஆதரவு என்று கணிப்பு" என்று அச்சாகியிருக்கிறது. அது ஆதரவு அல்ல, அவர் ஜெயிப்பதற்கான வாய்ப்பு. அவர் பெற்ற வாக்கு 48.2 சதவீதம். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் ஒரு பிரதியை மைத்துனருக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்