மதர்வெல்லில் இருந்த உருக்காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது, புது வீடு குடிபோனதில் எங்கள் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே ஸ்காட்லாந்தில் எல்லோரும் நலம். பெரியவள் மதர்வெல்லில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். அந்தக் கட்டடம் நிற்கிற மண்ணில்தான் ரேவன்ஸ்கிரெய்க் உருக்காலை இருந்ததாம். தெரிந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

போர் முடிந்த பிறகு, 1954-இல் கால்வில்ஸ் கம்பெனி கட்டத் தொடங்கி, 1957-இல் தாதை உருக்கி இரும்பாக்கும் முதல் ஊதுலையை ஏற்றினார்கள். அப்புறம் அரசியல் நுழைந்தது. பெரிய தகட்டு ஆலை எங்களுக்குத்தான் என்று வேல்ஸும் ஸ்காட்லாந்தும் மல்லுக்கு நிற்க, பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லன் 1958-இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தார்: அங்கே லான்வெர்ன், இங்கே ரேவன்ஸ்கிரெய்க். தகடு உருட்டினால் வாங்க ஆள் வேண்டுமே, அதற்காக லின்வுட்டில் கார் தொழிற்சாலையும் பாத்கேட்டில் லாரி தொழிற்சாலையும் வந்தன. லின்வுட் 1981-இல் மூடியது, பாத்கேட் 1986-இல். அதே வருஷம் பக்கத்து கார்ட்காஷ் ஆலையும் போனது. இங்கே உருட்டிய தகட்டுச் சுருளை இன்னும் மெல்லிசாக்கியது அதுதான். மதர்வெல் கடலோர ஊரும் இல்லை. இரும்புத் தாது ஹன்டர்ஸ்டன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கி ரயிலேறி வரவேண்டும், வாங்குபவர்களோ தெற்கே தூரத்தில். நடுவில் அரசு கைக்குப் போன ஆலை 1988-இல் மறுபடி தனியார்மயமான பிறகு, 1991-இல் உருட்டாலையை நிறுத்தி, 1992 ஜூன் 24-இல் மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அங்கே ஊதுலையில் வேலை பார்த்தவர். உலையில் மிஞ்சும் கொதிக்கிற கசடைக் கொட்டுகிற ராத்திரிகளில் வானமே சிவந்துவிடும், ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப டார்ச் தேவைப்படாது என்பார். 1996-இல் மூன்று குளிர்விப்புக் கோபுரங்களையும் நீல நிற வாயுத் தொட்டியையும் வெடிவைத்துத் தகர்த்தபோது அவர் பார்க்கப் போகவில்லை. வேலைக்காரர்கள் சரியில்லாததால்தான் மூடியது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கண் கலங்கிவிடும், எனக்கும் கோபம் வருகிறது. ஆலையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்தது அவர்களா என்ன?

சரி, ஒன்று கேட்க வேண்டும். உன் அப்பா சேலம் உருக்காலையில் இருந்தவர்தானே? கஞ்சமலைத் தாதை நம்பித்தான் அங்கே ஆலை வேண்டுமென்று கேட்டார்கள், கடைசியில் வெளியிலிருந்து வந்த எஃகைத்தான் உருட்டினார்கள். அந்த நாட்களில் உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்